செல் தெரபிக்கு ஆறு லட்சம் கேட்கிறார்கள், கட்டலாமா?

ஏற்காட்டுத்தம்பி:
அக்காவுக்கு 34 வயது. ஆட்டோஇம்யூன் ஹீமோலிட்டிக் அனீமியா, அதாவது உடம்பே தன் சிவப்பணுக்களை உடைத்துப் போடுகிற வியாதி. மூன்று வருடமாக ஸ்டீராய்டு, முகம் உப்பி ஆளே மாறிவிட்டாள். ரிட்டுக்சிமாப் மருந்து போட்டதில் எட்டு மாதம் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான். போன வருடம் மண்ணீரலையும் எடுத்தாயிற்று. இப்போது ஹீமோகுளோபின் 6.8. சேலம் டவுனில் ஒரு கிளினிக்கில், இடுப்பெலும்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து ஏற்றினால் நிரந்தரமாகக் குணமாகும், ஆறு லட்சம், முன்பணம் இந்த வாரமே என்கிறார்கள். ஜெர்மனியில் கார்-டி செல் போட்டு, உடம்பே தன்னைத் தாக்கும் இன்னொரு வியாதியான லூபஸ் சரியானதாக யூடியூபில் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதானா? காபித் தோட்டத்தை அடமானம் வைக்கலாமா என்று அப்பா கேட்கிறார்.

ரத்தவங்கி ஆள்:
தம்பி, பணம் கட்டாதீர்கள். இரண்டும் வேறு வேறு. கார்-டியில் நோயாளியின் டி செல் என்ற வெள்ளையணுவை எடுத்து, பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவைத் தேடி அழிக்கும்படி லேபில் மாற்றி, கீமோ கொடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றுவார்கள். சொந்த உடம்பையே தாக்கும் ஆன்டிபாடி உருவாவதே பி செல் வழிதானே, அதனால்தான் இந்த நோய்களுக்கு முயல்கிறார்கள். ஜெர்மனியின் எர்லாங்கன் மருத்துவக் குழு 2024-ல் 15 பேரின் முடிவை வெளியிட்டது, அதில் லூபஸ்காரர்கள் எட்டுப் பேர், எட்டுப் பேருக்குமே நோய் அடங்கியது. அக்காவுக்கு இருக்கும் வியாதியில் போட்டுப் பார்த்தது இன்னும் சிலருக்குத்தான். கடும் காய்ச்சல், நரம்புக் குழப்பம், தொற்று எல்லாம் வரலாம். மண்ணீரல் இல்லாதவருக்குத் தொற்று என்றால் விளையாட்டில்லை. இந்தியாவில் 2023-ல் அனுமதி கிடைத்த நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சை ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும்.

சோதனை சிகிச்சை என்றால் சி.டி.ஆர்.ஐ., அதாவது இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில், பதிவு எண் இருக்க வேண்டும், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. அந்த எண்ணைக் கேளுங்கள், பேச்சு எப்படி மாறுகிறது பாருங்கள்.

இன்னொன்று, அக்காவுக்கு ரத்தம் ஏற்றும்போது கிராஸ்மேட்ச், அதாவது ரத்தம் பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனை, சேராது, அவருடைய ஆன்டிபாடி யார் ரத்தத்தோடும் முட்டும். அதனால் ஹீமோகுளோபின் அடிமட்டத்துக்கு இறங்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ரத்த வங்கியில் சொல்லி வையுங்கள். பழைய ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும்.

அம்மாபேட்டை அக்கா:
என் மகளுக்கு இதே மாதிரி தட்டணு பிரச்சினை, ஐ.டி.பி. நானும் இப்படி ஓர் இடத்தில் ஒரு லட்சம் விட்டேன், யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் முதல்முறை சொல்கிறேன். தோட்டத்தில் கை வைக்காதே கண்ணு. காட்பாடிக்கு ரயில் ஏறி வேலூர் சி.எம்.சி. ஹெமட்டாலஜியில் ஒரு தடவை காட்டு. காய்ச்சல் வந்தால் மட்டும் காலைவரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதே, ராத்திரியானாலும் மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடு.

ஏற்காட்டுத்தம்பி:
எண் கேட்டேன் அண்ணே. "அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் சார்" என்றார்கள், அப்புறம் நாலரை லட்சத்துக்கு இறங்கி வந்தார்கள். அப்பாவே போனை வாங்கி வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காட்பாடிக்கு டிக்கெட் போட்டாச்சு. ரிப்போர்ட் ஃபைல் இரண்டு கிலோ இருக்கும்.