பப்ளிக் எக்ஸாம் பதற்றம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

விருதுநகர்ப் பொண்ணு:
பிளஸ் டூ, 2023, இயற்பியல். ரிவிஷன் டெஸ்ட்டில் எல்லாம் நல்ல மார்க்தான். 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வந்தது. வாசிக்க 10 நிமிடம், முகப்புத்தாளைச் சரிபார்க்க 5 நிமிடம், 10.15க்கு எழுத வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் முதல் ஒரு மார்க் கேள்வியையே திரும்பத் திரும்ப வாசித்தேன். எதுவும் மண்டையில் ஏறவில்லை. காதுக்குள் ஒரே இரைச்சல். ஹால் டீச்சர் வேறு பள்ளியிலிருந்து வந்தவர், என் பெயர்கூடத் தெரியாது. பக்கத்தில் வந்து குனிந்து, "தண்ணி குடிம்மா. கடைசிப் பக்கத்தைத் திருப்பு. உனக்குப் பழகின டெரிவேஷன் ஒண்ணு இருக்கும், அதுல ஆரம்பி" என்றார். இருந்தது. ஆரம்பித்தேன். தேர்வு முடிந்து வெளியே வந்து தேடினேன், அவர் போய்விட்டார். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

தஞ்சாவூர் தம்பி:
உங்களுக்கு நல்ல டீச்சர் கிடைத்தார். எல்லா ஹாலும் அப்படி இல்லை அக்கா. வேதியியல் அன்று பறக்கும் படை வந்தது. என் டெஸ்க் பக்கத்தில் நின்று, "எழுந்திரு" என்று ஒரே வார்த்தை. பாக்கெட், ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் கை நடுங்கி, என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. நேர்மையாக எழுதுகிறவனையும் இப்படி மிரட்டத்தான் வேண்டுமா?

2021 பேட்ச்:
எங்கள் கதையே வேறு. ஏப்ரலில் பிராக்டிகல் முடித்து, மே மாதம் தேர்வு என்று ராத்திரி பகலாகப் படித்தோம். கொரோனாவால் தள்ளிப்போனது. ஜூனில் ரத்து. பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ பிராக்டிகல், இன்டர்னலுக்கு 30 சதவீதம் என்று கணக்குப் போட்டு மார்க் கொடுத்தார்கள். ரத்து என்று டிவியில் சொன்னபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் உயிரியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்தப் பயத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்றே தெரியவில்லை. இப்போதும் மார்ச் வந்தால் விடியற்காலையில் தானாக விழிப்பு வருகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாமக்கல்:
பிள்ளைகளே, ஹாலில் மயங்கி விழுந்த ஒரு மாணவனை நானே தூக்கி உட்கார வைத்திருக்கிறேன். காலையில் அவன் சாப்பிட்டிருக்கவில்லை. அதனால் சொல்கிறேன், கேளுங்கள். இட்லியோ கஞ்சியோ, வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பயந்தால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது நோய் இல்லை. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், கொஞ்சம் அடங்கும். இயற்பியலில் 70க்கு வினாத்தாள்: ஒரு மார்க் 15, இரண்டு மார்க் 9ல் 6, மூன்று மார்க் 9ல் 6, ஐந்து மார்க் 5. ஐந்து மார்க்கில் ஒவ்வொன்றுக்கும் 'அல்லது' உண்டு. 24ம் எண்ணும் 33ம் எண்ணும் கட்டாய வினா, பெரும்பாலும் கணக்குதான் வரும். வாசிக்கிற பத்து நிமிடத்தில் எதை எழுதுவது என்று முடிவு செய்துவிட்டால் பாதி பயம் போய்விடும். ஒரு பேப்பர் முடிந்தால் கேட் வாசலில் நின்று விடையை ஒப்பிடாதீர்கள். போனை அம்மாவிடம் கொடுங்கள். இரவு 10 மணிக்குப் படுங்கள். தம்பி, பறக்கும் படை அவர்கள் கடமையைச் செய்கிறார்கள், மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஈரோட்டு அம்மா:
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 10 மணிக்குப் படு என்று நானும் சொன்னேன். படுத்தான், தூங்கவில்லை. கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி, சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தான். முகம் கழுவிவிட்டு வந்து, "அம்மா, நான் ஃபெயிலானா அப்பாகிட்ட நீயே சொல்லிடுவியா?" என்று கேட்டான். "நீ ஃபெயிலாக மாட்டே" என்று சொல்ல வாய் வரவில்லை. "சொல்றேன்டா" என்றேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டான். தைரியம் சொல்லாமல் இப்படியா சொல்வாய் என்று என் நாத்தனார் இன்றுவரை கேட்கிறார். பையன் பாஸ்தான், ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தானோ.

காமர்ஸ் குரூப், கரூர்:
அம்மா, நீங்கள் சொன்னதுதான் சரி. உங்கள் நாத்தனார் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். என்னிடம் எல்லோரும் "நீ கண்டிப்பா பாஸ்" என்றுதான் சொன்னார்கள். அக்கவுண்டன்சியில் போய்விட்டது. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்று தெரிந்ததும் ஹாலிலேயே பேனாவை மூடிவிட்டேன். 35 எடுக்க அது தேவையே இல்லை, மற்றதை எழுதியிருந்தாலே போதும் என்று அந்த நேரத்தில் சொல்ல ஆள் இல்லை. அடுத்து வந்த துணைத்தேர்வில் எழுதி, அதே வருடம் பி.காம். சேர்ந்துவிட்டேன். இதை வாசிக்கும் யாருக்காவது ராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.