வீட்டின் மேல் சாய்ந்த மரம்: வெட்ட யாரிடம் அனுமதி கேட்பது?

தேயிலைமேடு:
அவசரம். வீட்டுக்குப் பின்னால் பெரிய கற்பூர மரம் ஒன்று சாய்ந்து நிற்கிறது. நேற்றுக் காற்றில் தொடை கனத்தில் ஒரு கிளை முறிந்து குளியலறைக் கூரையைப் பொத்துவிட்டது. மரம் வெட்டுபவர், அனுமதி இல்லாமல் வாளைத் தொட மாட்டேன் என்கிறார். எங்கே மனு கொடுப்பது?

கரிசல்காடு:
எந்த ஊர்? பட்டா நிலமா, புறம்போக்கா? கற்பூர மரம் என்றால் சூடம் எடுப்பார்களே, அதுவா? அதையா வெட்டப் போகிறீர்கள்?

பெங்களூருவாசி:
மர அலுவலரைப் பாருங்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்தான் அதிகாரி. நான் அப்படித்தான் வாங்கினேன்.

பழையவருவாய்:
அது கர்நாடகச் சட்டம். ஊரைக் கேட்காமலே மருந்து எழுதுகிறார்கள். ஐயா, ஊர், புல எண், மரத்தின் இனம், சுற்றளவு: இந்த நான்கும் இல்லாமல் எந்த மேசையிலும் மனு நகராது. இதை இங்கே எத்தனை முறை எழுதுவது?

மண்வெட்டி:
எதற்கு அலைச்சல்? அடியில் சுற்றிலும் பட்டையை உரித்துவிடுங்கள். தானே பட்டுப்போகும். பட்ட மரத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

தேயிலைமேடு:
குன்னூர் பக்கம். பட்டா எங்களுடையது. ஆனால் எல்லைக் கல்லை அடிமரம் பாதி விழுங்கியிருக்கிறது. அந்தப் பக்கம் எஸ்டேட்.

பழையவருவாய்:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955. பட்டா நிலமானாலும் ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும்.

ஏலக்காய்:
பட்டையை உரித்துவிடாதீர்கள். பச்சை மரம் கிளையைத்தான் போடும். பட்ட மரம் மொத்தமாக விழும். என் அத்தை வீட்டுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் ‘ஆபத்தான மரம்’ என்று தலைப்பிட்டு எழுதினோம். பட்டா நகல், மரமும் வீடும் சேர்ந்து தெரியும் படம் இரண்டும் வைத்தோம். வனவரும் கிராம நிர்வாக அலுவலரும் வந்து நெஞ்சு உயரத்தில் நாடா பிடித்து அளந்தார்கள். எஸ்டேட்டின் சம்மதக் கடிதத்தையும் இணையுங்கள். எங்கள் மனு ஒருமுறை திரும்பியது அதனால்தான். கரிசல்காடு அண்ணா, மலையில் கற்பூர மரம் என்றால் யூகலிப்டஸ்.

கரிசல்காடு:
அது தைல மரம் அல்லவா! ஆளுக்கொரு பெயர் வைத்தால் எப்படி?

மண்வெட்டி:
எந்தப் பெயரானாலும் அயல் மரம். 1843இல் வெள்ளைக்காரன் நீலகிரிக்குக் கொண்டுவந்து, பிறகு விறகுக்காகப் பரப்பியது. மலையின் தண்ணீரையெல்லாம் குடிக்கிறது. அதற்கு அனுமதி வேறா?

ஏலக்காய்:
அந்த விறகு இல்லையென்றால் மிச்சமிருந்த சோலையும் அடுப்புக்குப் போயிருக்கும். தைலம் காய்ச்சிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது.

கரிசல்காடு:
பார்த்தீர்களா, நீங்களே தைலம் என்கிறீர்கள்.

பழையவருவாய்:
மனுவைப் பற்றிப் பேசுங்கள்.

தேயிலைமேடு:
ஒன்பது நாளாயிற்று. அளந்துவிட்டுப் போனார்கள்: பதினோரு அடி. எஸ்டேட் மேலாளரின் கையெழுத்து இன்னும் வரவில்லை. மின்கம்பிமேல் கிடந்த கிளைகளை மின்வாரிய ஆட்கள் கழித்துவிட்டார்கள். எல்லோரும் முன்னறையில் படுக்கிறோம்.