இன்கிரேவிங், எட்சிங்: உளிப்பொறிப்பு, அமிலப்பொறிப்பு எனலாமா?

வணக்கம் ஐயா.

செப்புத்தகட்டில் கோடுகளைப் பள்ளமாக்கி, மை தடவித் தாளில் அச்செடுக்கும் இன்கிரேவிங், எட்சிங் இரண்டுக்குமே "செதுக்கோவியம்" போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. குளோத் மெல்லான் பற்றிய கட்டுரையை அந்த ஒரே சொல்லை வைத்து எழுதினால் அவர் என்ன செய்தார் என்பதே வாசகருக்குப் போய்ச் சேராது.

மெல்லான் 1598இல் பிரான்சின் அப்வீலில் பிறந்து, ரோமுக்குப் போய் ஓவியர் சிமோன் வூயேவிடம் பயின்றவர். ஓவியரும்தான், ஆனால் தீட்டியவை பெரும்பாலும் காணாமல் போய்விட்டன, இன்று செப்புத்தகட்டு வேலைதான் அவர் பெயரைச் சொல்கிறது. வெரோனிக்கா என்ற பெண் இயேசுவின் முகத்தைத் துடைத்தபோது அது துணியில் பதிந்ததாகக் கதை உண்டு, அந்த முகத்தை 1649இல் இன்கிரேவிங் முறையில், உளியால் தகட்டில் வெட்டினார். மூக்கு நுனியில் தொடங்குகிற ஒரே கோடு சுருளாகச் சுற்றிக்கொண்டே போய்க் கண், தாடி, முள்முடி எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது! குறுக்குக் கோடே கிடையாது. நிழல் வேண்டிய இடத்தில் உளியை அழுத்துகிறார், பள்ளம் அகலமாகி மை கூடுதலாக நிற்கிறது. வெளிச்சத்தில் கையைத் தளர்த்துகிறார், கோடு மெலிகிறது.

எட்சிங்கில் கை தகட்டை வெட்டுவதே இல்லை. மேலே பூசிய மெழுகை ஊசியால் கீறிவிட்டால் மிச்ச வேலையை அமிலம் செய்கிறது, ஆழத்தைத் தீர்மானிப்பது தகடு அதில் ஊறும் நேரம். எட்சிங் கலைஞர் ழாக் கல்லோ சாய்வாக வெட்டிய முனையுள்ள ஊசியால் அமிலத்திலும் பருத்து மெலியும் கோடு கொண்டுவந்தார், ஆப்ரஹாம் போஸ் 1645இல் அந்த முறையை விளக்கி நூலே எழுதினார். ஆனால் அவர்கள் எட்டிப் பிடிக்கப் பார்த்தது உளியின் கோட்டைத்தான்.

பிரெஞ்சில் இரண்டுக்கும் பொதுவாக "கிராவூர்" என்கிறார்கள். அந்த இடத்தில் நமக்குப் "பொறிப்பு" இருக்கிறது, கல்வெட்டு, செப்பேடு வழியாக எல்லோருக்கும் பழகிய சொல். அதனால் உளிப்பொறிப்பு, அமிலப்பொறிப்பு என்று பிரிக்கலாம். "அரிப்போவியம்" வேண்டாம், படிப்பவருக்குச் சொறிதான் முதலில் நினைவுக்கு வரும்.

உளி என்றால் சுத்தியல் வேண்டுமே என்று கேட்டிருந்தீர்கள், சரியான கேள்வி. இந்த உளியை உள்ளங்கையால் தள்ளுவார்கள், வளைவு வரும்போது தகட்டைத்தான் திருப்புவார்கள். கருவியைப் "பொறியுளி" என்றால் குழப்பம் தீரும்.

அப்புறம் ட்ரைபாயிண்ட். அமிலம் இல்லாமல் ஊசியால் நேரே தகட்டைக் கீறுவது என்பதால் "ஊசிப்பொறிப்பு" என்று வைத்திருக்கிறேன், இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.