முத்தம்மா வாரிசுகள்: கேஎல் யார் யார்?

செவ்வாய், மாலை 6:12

கவிதா: எல்லாரும் கொஞ்சம் பாருங்க. செப்டம்பர் லீவுக்கு கோலாலம்பூர்ல ஹோட்டல் மூணு ரூம் பிடிச்சு வெச்சிருக்கேன். ராத்திரி 10 மணிக்குள்ள உறுதி பண்ணலன்னா இந்த விலை போயிடும். யார் யார் வர்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் இப்ப வேணாம்

லதா: நாங்க மூணு பேர்

செல்வம்: நானும் வரேன்

கவிதா: ஒரே வீட்ல உக்காந்துக்கிட்டு குரூப்ல சொல்றீங்க

சரோஜா: அத்தையும் நாங்க ரெண்டு பேரும். ரூம்ல கெட்டில் இருக்குமா

லதா: கெட்டில் சரி பெரியண்ணி. குக்கர் வேணாம்

செல்வம்: கேமரன்ல அலாரம் அடிச்சு எல்லாரும் நைட்டியோட கீழ நின்னோமே

சரோஜா: அந்தக் கஞ்சிய மூணு டம்ளர் குடிச்சது யாரு

செல்வம்: கஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி

மாலை 6:31

சுப்பையா: அனைவருக்கும் மாலை வணக்கம். பயணம் பிள்ளைகளுக்குப் பயனுள்ளதாக அமைய வேண்டும் என்பதால் சில குறிப்புகள். முதல் நாள் காலை பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். 88 மாடி, 452 மீட்டர். 41, 42ஆம் மாடிகளில் இரண்டையும் இணைக்கும் பாலம் உள்ளது. நுழைவுச்சீட்டு முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிட வேண்டும், நேரில் போய் நின்றால் கிடைப்பது உறுதியில்லை. அதே வளாகத்தில் பெட்ரோசயின்ஸ் அறிவியல் கூடம், மீன் காட்சியகம். மதியம் பறவைப் பூங்கா, தேசிய அருங்காட்சியகம். மாலை சென்ட்ரல் மார்க்கெட். மறுநாள் பத்துமலை. 1890களின் தொடக்கத்தில் தம்புசாமிப் பிள்ளை ஏற்படுத்திய கோயில். படிகள் 272. கீழே நிற்கும் முருகன் சிலை 2006இல் திறக்கப்பட்டது, 140 அடி, உலகிலேயே உயரமான முருகன் சிலை. பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ். 1881இல் தீயும் வெள்ளமும் வந்து அத்தாப்புக் குடிசைகள் அழிந்தபின், ஊருக்கே செங்கல் சுட்ட சூளைகள் இருந்த இடம். இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போகலாம். மீதியைச் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

லதா: இன்னும் மீதி இருக்கா

பிரபு: மச்சான் ஒரு சின்னத் திருத்தம். இப்ப உயரமான முருகன் எங்க சேலம் பக்கம் முத்துமலை. 146 அடி. 2022ல கும்பாபிஷேகம் ஆச்சு

சுப்பையா: மாப்பிள்ளை, அது வேறு.

பிரபு: எப்படி வேற

செல்வம்: 6 அடிக்கு சண்ட போடாதீங்க

பிரபு: சண்ட இல்ல மச்சான். ஊர்ப் பெருமை. படம் அனுப்பறேன் பாருங்க

பிரபு: (படம்)

பிரபு: (படம்)

பிரபு: (படம்)

சரோஜா: முருகா. பின்னாடி நிக்கிறது யாரு, உங்க அம்மாவா? இளைச்சிட்டாங்களே

பிரபு: ஆமா அக்கா, சுகர். ஜனவரில எடுத்த படம்

கவிதா: பெரியப்பா இது தருண். இப்ப கேஎல்ல பெரிய டவர் மெர்டேக்கா 118. 678.9 மீட்டர். உலகத்துல ரெண்டாவது. பர்ஸ்ட் துபாய்

சுப்பையா: சரி தருண். ஆனால் பாலம் இதில்தான் இருக்கிறது.

கவிதா: மன்னிக்கணும் அத்தான். போன பிடுங்கிட்டேன்

கவிதா: ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இவ்வளவு இடம் ஒரே நாள்ல முடியாது. தருண் மூணாம் வகுப்பு, யாழினி ஒண்ணாம் வகுப்பு, குட்டி இன்னும் பாலர் பள்ளி. ஒரு நாளைக்கு ஒரு இடம், அதுவும் காலையில. மத்தியானம் கேஎல்ல எப்படியும் மழை பிடிக்கும், அப்ப ரூமுக்கு வந்து தூங்கட்டும், எழுந்து நீச்சல் குளம். நீங்க எந்த டவருக்குக் கூட்டிட்டுப் போனாலும் பிள்ளைங்க வீட்டுக்கு வந்து குளத்த பத்தி மட்டும்தான் பேசும்

லதா: யாழினி இப்பவே கண்ணாடி போட்டுட்டு சுத்துது, நீச்சல் கண்ணாடி

சரோஜா: மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு மணி நேரம். தீபாவளிக்குத் துணி. அது இடத்துல சேராது

செல்வம்: ஒரு மணி நேரமா

சரோஜா: ரெண்டு

இரவு 7:20

விஜயா: நல்லா பேசுங்க

லதா: அக்கா வாங்க

விஜயா: எங்க வர்றது. மூணு ரூம்னு நீங்களே முடிவு பண்ணியாச்சு. எங்களுக்கு எங்க ரூம்

கவிதா: அண்ணி, கேக்கறதுக்குத்தான குரூப்ல போட்டேன்

விஜயா: ரூம் போட்டுட்டுக் கேக்கறது பேரு கேக்கறதா

கவிதா: ஹரிணிக்கு ஆறாம் வகுப்புப் பொதுத்தேர்வு, பிஎஸ்எல்இ இருக்கே, வரமாட்டீங்கன்னு நினைச்சேன்

விஜயா: அத நான்ல சொல்லணும். ஓரல் ஆகஸ்ட்ல முடிஞ்சிரும். செப்டம்பர் கடைசியில எழுத்துப் பேப்பர். அந்த ஒரு வாரம் லீவு முழுக்க டியூஷன்ல ஸ்பெஷல் வகுப்பு, காசு கட்டியாச்சு. நவம்பர்ல போனா என்ன? ஆறு வாரம் லீவு கிடக்கு

செல்வம்: நவம்பர்ல எனக்கு ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சி

லதா: நாங்க தீபாவளிக்கு ஆத்தூர் அக்கா. டிக்கெட் எடுத்தாச்சு

சுப்பையா: அம்மாவுக்கு அக்டோபரில் முழங்கால் அறுவைச் சிகிச்சை. அதன்பின் சில மாதங்கள் பயணம் கூடாது. அதனால்தான் அதற்கு முன்பே என்று

விஜயா: அண்ணே எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு அப்பாயின்மென்ட்டுக்கும் டாக்ஸி பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது யாரு

சுப்பையா: அதை யாரும் மறுக்கவில்லை.

செல்வம்: சரிக்கா விடு

விஜயா: என்ன விடறது. கேமரன் வேன் காசே இன்னும் வரல

செல்வம்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

விஜயா: படிச்சிட்டேன்

இரவு 7:48

பிரபு: எல்லாரும் சாப்டாச்சா

சரோஜா: எங்க வீட்ல சுறாப்புட்டு. தேக்கால விலைய கேட்டா மயக்கம் வருது

லதா: அம்மா இங்க எங்க வீட்லதான் இருக்காங்க. சாயங்காலம் அந்தப் பழைய மைலோ டின்ன தொறந்து தாத்தாவோட ரயில்வே கோட்டுப் பித்தளைப் பொத்தான் ரெண்டு எடுத்து யாழினிகிட்ட காட்டிட்டு இருந்தாங்க. எஃப்எம்எஸ்ஆர்னு அந்தக் கால மலாயா ரயில்வே எழுத்து பாதி தேஞ்சிருக்கு. புளி போட்டுத் தேய்க்கவான்னு கேட்டேன், வேணாம்னுட்டாங்க

சரோஜா: நானே அத பாத்ததில்லையே

லதா: யாருக்கும் காட்டினதில்ல பெரியண்ணி

லதா: (குரல் செய்தி 0:47)

செல்வம்: மீட்டிங்ல இருக்கேன், கேக்க முடியாது. யாராவது எழுதுங்க

கவிதா: மீட்டிங்கா? சோபால இருக்கீங்க

லதா: அம்மா சொல்றது: "மலை ஏற மாட்டேன், கீழ நின்னு கும்பிட்டுக்கறேன். கோபுரமெல்லாம் புள்ளைங்க பாக்கட்டும். செந்தூல்ல இறங்கி ஒரு கோப்பி குடிச்சா போதும். குவார்ட்டர்ஸ் இருக்கோ இல்லையோ, ரயில் பட்டறைச் சுவராவது இருக்கும்ல. விஜயா புள்ள படிக்கட்டும், அத யாரும் தொந்தரவு பண்ணாதீங்க." அவ்வளவுதான். கடைசியில யாரோ கதவைத் தட்டற சத்தம், அது குட்டி

கவிதா: குட்டி எங்க வீட்ல இருக்கான்

லதா: அப்ப பக்கத்து வீட்டுப் பையன்

சுப்பையா: இங்கு ஒரு நல்ல செய்தி. அம்மாவைத் தனியாக செந்தூலுக்கு அழைத்துச் செல்ல வேண்டியதே இல்லை. கேஎல் சென்ட்ரலில் பத்துமலைக்குப் போகும் கொம்யூட்டர் ரயில் ஏறினால், கோலாலம்பூர் பழைய நிலையம், பேங்க் நெகாரா, புத்ரா, அடுத்து செந்தூல். அதே ரயில் பாதை பத்துமலை வாசலில் போய் முடிகிறது. காலை ஏழு மணிக்குப் பத்துமலை போய்விட்டால் படி சுடாது. பிள்ளைகள் ஏறி இறங்கும்வரை அம்மா கீழே என்னோடு இருக்கட்டும். திரும்பும்போது செந்தூலில் இறங்கிக்கொள்ளலாம். பட்டறை முன்னைப்போல் இயங்கவில்லை, அந்த வேலையெல்லாம் பத்து காஜாவுக்கு மாறிப் பல வருடம் ஆகிறது. அதை அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

பிரபு: சூப்பர் மச்சான்

செல்வம்: அண்ணே இந்த ஒண்ண மட்டும் முதல்லயே சொல்லியிருக்கலாம்

கவிதா: அப்ப ஹோட்டல் சென்ட்ரல் பக்கமே சரிதான். நான் பிடிச்சதும் அங்கதான். சாப்பாட்டுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ், நடந்தே போயிடலாம். பசியாற வாழையிலைக் கடை பக்கத்துலயே

சரோஜா: புக்கிட் பிந்தாங் இல்லையா

கவிதா: அக்கா மோனோரயில் இருக்கு

லதா: யாழினிக்குக் குரங்குன்னா பயம். பத்துமலைல பொட்டலத்த பிடுங்குமே

பிரபு: கையில ஒண்ணும் கொண்டு போகாம இருந்தா ஒண்ணும் பண்ணாது

சரோஜா: கால்சட்டை முட்டிக்கு மேல இருந்தா பொண்ணுங்கள விடமாட்டாங்க. சாரோங் வாடகைக்குக் குடுப்பாங்க, ஆனா நம்மளே எடுத்துட்டுப் போலாம்

இரவு 8:35

கவிதா: தேதி. சனி ஞாயிறு திங்களா, வெள்ளி சனி ஞாயிறா?

லதா: சனி ஞாயிறு திங்கள். இவருக்கு வெள்ளி லீவு கிடைக்காது

கவிதா: திங்கள்ல கோபுரமும் மூடல், பெட்ரோசயின்சும் வழக்கமா மூடல். அப்புறம் தருண் என்னைத் தின்னுடுவான்

செல்வம்: வெள்ளி டீச்சர்ஸ் டே. பிள்ளைங்களுக்கு லீவு, நமக்கு இல்ல

கவிதா: நான் லீவு போட்டாச்சு

செல்வம்: எனக்குத் தெரியாதே

கவிதா: போன வாரமே சொன்னேன். பந்தாட்டம் பாத்துட்டு தலைய ஆட்டினீங்க

பிரபு: நான் வேணா வெள்ளி ராத்திரி பஸ்ல தனியா வந்து சேர்ந்துக்கறேன்

விஜயா: வெள்ளி ராத்திரி ஜொகூர் எல்லை காஸ்வேல நின்னு பாருங்க மாப்பிள்ளை. விடிஞ்சிடும்

லதா: அக்கா பேசிட்டாங்க

செல்வம்: கார்ல போலாமே. என் கார்ல அஞ்சு பேர்

விஜயா: மலேசியாவுக்குள்ள கார் போற அனுமதி, விஇபி ஒட்டியாச்சா

செல்வம்: பதிவு பண்ணியிருக்கேன்

விஜயா: ஒட்டியாச்சான்னு கேட்டேன்

செல்வம்: இன்னும் இல்ல

விஜயா: அபராதம் 300 ரிங்கிட் தயாரா வெச்சுக்க. முக்கால் டேங்க் எண்ணெய் இல்லாம போனா நம்ம பக்கமே திருப்பி அனுப்புவாங்க

சுப்பையா: அம்மாவால் அஞ்சாறு மணி நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. நாங்கள் மூவரும் விமானம். ஒரு மணி நேரம்தான். சாங்கியில் சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்துவிட்டால் வாசல்வரை தள்ளிச் செல்வார்கள். அங்கே விமான நிலையத்திலிருந்து ரயிலில் 28 நிமிடத்தில் கேஎல் சென்ட்ரல்.

பிரபு: மத்தவங்க ஜொகூர் பாரு ஜேபி சென்ட்ரல்ல இருந்து இடிஎஸ் ரயில். நாலரை மணி நேரத்துக்குள்ள போயிடும். பிள்ளைங்களுக்கும் ரயில் பிடிக்கும். ஆனா லீவு நேரம், டிக்கெட் சீக்கிரம் தீந்துடும்

கவிதா: நாளைக்குப் பாக்கறேன்

கவிதா: பிரபு, நீங்க மலேசியா வருகை அட்டை எம்டிஏசி நிரப்பணும், போறதுக்கு மூணு நாளைக்குள்ள. எங்க சிங்கப்பூர் சிவப்பு பாஸ்போர்ட்டுக்கு வேணாம். உங்க ரீ என்ட்ரி பர்மிட் தேதியும் பாத்துடுங்க

பிரபு: சரி அக்கா. பாத்துட்டேன், இருக்கு

கவிதா: ஐயோ

லதா: என்னாச்சு அண்ணி

கவிதா: இப்பதான் குட்டி பாஸ்போர்ட்ட எடுத்துப் பாக்கறேன். டிசம்பர்ல முடியுது. ஆறு மாசம் இல்ல

செல்வம்: என்னோடது 2033 வரைக்கும் இருக்கே

கவிதா: உங்களுக்குப் பத்து வருஷம். பிள்ளைங்களுக்கு அஞ்சுதான்

சரோஜா: எல்லாரும் பாருங்க இப்பவே. போன தடவ என்னோடது

சுப்பையா: அதை இப்போது பேச வேண்டாம்.

இரவு 9:40

கவிதா: இன்னும் 20 நிமிஷம். மூணு ரூம் உறுதி பண்றேன். பெரிய அத்தான், அக்கா, அத்தை ஒண்ணு. நாங்க நாலு பேர் ஒண்ணு. லதா மூணு பேர் ஒண்ணு. வெள்ளி, சனி, ஞாயிறு. அண்ணி, நாலாவது போடட்டுமா? ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் காசில்லாம ரத்து பண்ணலாம்

கவிதா: அண்ணி?

லதா: ரெண்டு நீல டிக் வந்துருச்சு

இரவு 9:52

விஜயா: அவர்கிட்ட பேசிட்டு இருந்தேன். ஸ்பெஷல் வகுப்பு திங்கள்லதான் ஆரம்பம். சனி காலையில அவள ஏத்திட்டு வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்பலாங்கறார். ஒரு ராத்திரி. கணக்குப் புத்தகத்தோட

லதா: அப்ப வர்றீங்க

விஜயா: வர்றேன்னு சொல்லல

கவிதா: போடறேன் அண்ணி. வேணாம்னா எடுத்துடலாம்

விஜயா: போட்டு வை. வேன் காசுல கழிச்சுக்கறேன்

செல்வம்: அது நியாயம்

சுப்பையா: மிக்க மகிழ்ச்சி. நான்கு அறை என்றால் பறவைப் பூங்காவையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். காலை ஒன்பது மணிக்கே

கவிதா: அத்தான், ஒரு நாளைக்கு ஒரு இடம்

சுப்பையா: பறவைப் பூங்கா இடமல்ல, நடை.

விஜயா: ஹரிணிகிட்ட யாரும் இப்ப சொல்லாதீங்க. ஓரல் முடியட்டும்

கவிதா: பெரியத்தை இது தருண். ஹரிணி அக்காவுக்குத் தெரியும். இப்பதான் என்ன நீச்சல் உடைன்னு கேட்டாங்க

விஜயா: யாரு சொன்னது

கவிதா: தருண் தூங்கப் போயிட்டான் அண்ணி

பிரபு: வெள்ளிக்கிழமை யாரு எனக்கு பஸ் டிக்கெட் பாக்கறது?