மரபுக்குறியீட்டையே மாற்றுவதற்கு என்ன சொல்? ‘குறிமாற்று’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

“மரபணு மாற்றம் என்றே போட்டுவிடலாமே, இதற்கு ஏன் தனிச்சொல்?” என்று நேற்றைய மடலில் ஒருவர் கேட்டிருந்தார். போட்டால் பொருள் கெட்டுவிடும். பி.டி. பருத்திக்குள் ஒரு பாக்டீரியாவின் மரபணு இருக்கிறது. பருத்திச் செடி அதைத் தடங்கலின்றி வாசித்துப் புரதம் செய்கிறது. இரண்டுக்கும் குறியீடு ஒன்றே என்பதால்தான் அது முடிகிறது. அங்கே ஏட்டில் ஒரு பக்கம் கூடியது, வாசிக்கும் முறை அப்படியே இருக்கிறது. நாம் சொல் தேடுவது வாசிக்கும் முறையிலேயே கைவைக்கிற வேலைக்கு.

குறியீடு என்பது 64 சொல் கொண்ட ஒரு சிற்றகராதி. டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள் மும்மூன்றாகச் சேர்ந்தால் ஒரு குறியன். 61 குறியன்கள் 20 அமினோ அமிலங்களைச் சுட்டும், மீதி மூன்றும் ‘புரதம் இத்தோடு முடிந்தது’ என்று சொல்லும். செரின் என்ற ஓர் அமிலத்துக்கே ஆறு குறியன்கள். தொல்காப்பியம் திரிசொல்லில் ஒரு வகையாகச் சொல்லும் ‘ஒருபொருள் குறித்த வேறுசொல்’ இங்கே அச்சாகப் பொருந்துகிறது. ‘ஒருபொருட் குறியன்’ என்று போன மாதம் நாம் ஏற்றுக்கொண்ட சொல் இப்போது கைகொடுக்கும்.

2019இல் கேம்பிரிட்ஜில் ஜேசன் சின் குழுவினர் இ.கோலை பாக்டீரியாவின் 40 லட்சம் எழுத்துகளையும் செயற்கையாக எழுதிக் கோத்தார்கள். செரினைச் சுட்டும் டிசிஜி வந்த இடமெல்லாம் ஏஜிசி, டிசிஏ வந்த இடமெல்லாம் ஏஜிடி, டிஏஜி என்ற முடிவுக் குறியனுக்குப் பதில் டிஏஏ. மொத்தம் 18,214 இடங்கள். பாக்டீரியா பிழைத்தது, கொஞ்சம் மெதுவாக வளர்ந்தது, அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கட்டத்தில் குறியீடு இன்னும் மாறவில்லை! டிசிஜி வந்தால் வாசிக்க ஆள் இருந்தது, வாசிக்கத்தான் டிசிஜி இல்லை. 2021இல் அந்தச் செரின் குறியன்களை வாசித்து அமிலத்தைக் கொண்டுவரும் டிஆர்என்ஏ மூலக்கூறுகளையும் டிஏஜியை வாசிக்கும் புரதத்தையும் நீக்கிய பிறகுதான் அகராதியில் அந்த இடங்கள் காலியாயின. பழைய குறியீட்டில் எழுதப்பட்ட வைரஸ்கள் உள்ளே வந்தும் பெருக முடியாமல் போயின. காலி இடங்களில் இயற்கைப் புரதங்களில் இல்லாத அமினோ அமிலங்களை அமர்த்தவும் முடிந்தது.

என் மாமா அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவர். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தின் போது ணை, லை, னை, றா, னா போன்ற 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் போயின. சொல் மாறவில்லை, ஒலி மாறவில்லை. அச்செழுத்துகளை வைக்கும் கேஸில் சில அறைகள் காலியாகின. அந்த அறையில் நாளைக்கு வேறு ஏதாவது குறியைப் போட்டுவைக்கலாம். பழைய வடிவத்தில்தான் வேண்டும் என்று ஒருவர் வந்தால் அச்சகத்தால் கோத்துத்தர முடியாது. கேம்பிரிட்ஜ் வேலையும் இதே வரிசைதான்: பிரதியில் பழையதை மாற்று, அறையைக் காலி செய், புதியதைப் போடு.

ஆங்கிலத்தில் மூன்றையும் ‘ரீகோடிங்’ (recoding) என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். நாமும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. முதல் கட்டத்துக்குக் ‘குறிபெயர்ப்பு’, இரண்டாவதற்குக் ‘குறிநீக்கம்’, மூன்றாவதற்குப் ‘பொருளேற்றம்’ என்று முன்வைக்கிறேன். ‘மீள்குறியாக்கம்’ வேண்டாம். குறியாக்கம் என்றதும் கணினிக்காரர்களுக்குக் கடவுச்சொல் நினைவுதான் வரும்.

மறுமொழி

வணக்கம் ஐயா. பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுப்பவள் என்ற முறையில் ஓர் இடைஞ்சலைச் சொல்கிறேன். ஆர்என்ஏவிலிருந்து புரதம் உருவாவதை ஏற்கனவே மொழிபெயர்ப்பு என்கிறோம். பக்கத்திலேயே குறிபெயர்ப்பு என்று ஒன்று வந்தால் பிள்ளைகள் விடைத்தாளில் இரண்டையும் குழப்பித்தான் எழுதுவார்கள். பண்டமாற்று என்று சொல்கிறோமே, அந்த வார்ப்பில் ‘குறிமாற்று’ என்றால் என்ன?

அப்புறம், டிஏஜிக்கு ‘ஆம்பர்’ என்ற பெயர் உண்டே, அதைத் தமிழாக்க வேண்டுமா?

மறுமொழி

அம்மா, குறிமாற்று அருமை. பண்டமாற்றில் கொடுப்பதும் வாங்குவதும் சம மதிப்பு. இங்கேயும் செரினைக் கொடுத்து செரினைத்தான் வாங்குகிறோம். குறிபெயர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

எல்லா இடத்திலும் இந்த மாற்று சுலபமாக நடக்காது என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். பாக்டீரியாவில் சில மரபணுக்கள் அந்தாதி போலத் தொடுத்திருக்கும். ‘ஏடிஜிஏ’ என்ற நான்கு எழுத்தைப் பாருங்கள். கடைசி மூன்றான டிஜிஏ முன்னதன் முடிவு, முதல் மூன்றான ஏடிஜி அடுத்ததன் தொடக்கம். டிஜிஏவை டிஏஏ ஆக்கினால் ‘ஏடிஏஏ’ வரும். முன்னதற்குச் சேதமில்லை, அடுத்ததன் தலை போய்விடும். இப்படிப்பட்ட இடங்களில் முதலில் முடிச்சை அவிழ்த்து இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். 2025இல் டிஜிஏவையும் ஒழித்து, டிஏஏ ஒன்றையே முடிவுக் குறியனாக விட்ட யேல் பல்கலைக்கழகக் குழுவுக்கு இந்தத் தலைவலி நிச்சயம் இருந்திருக்கும். அதே ஆண்டில் சின் குழு 64ஐ 57 ஆகக் குறைத்தது. அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் குறிமாற்று.

ஆம்பரைத் தொட வேண்டாம். அமெரிக்காவின் கால்டெக் கல்விக்கூடத்தில் ஆய்வுக்கு உதவிய ஹாரிஸ் பெர்ன்ஸ்டைன் என்ற மாணவரின் பெயரைக் கொண்டு வைத்தது அது. பெர்ன்ஸ்டைன் என்றால் ஜெர்மனில் ஆம்பர். ஒருவரின் குடும்பப் பெயரை வைத்துச் செய்த விளையாட்டு. அடுத்த இரண்டு முடிவுக் குறியன்களுக்கு அதே போக்கில் ஓக்கர், ஓபல் என்று நிறமும் மணியுமாகப் பெயர் வைத்தார்கள். மரப்பிசின் என்று நாம் மாற்றினால் சிரிப்பும் போய்விடும், ஆளும் காணாமல் போய்விடுவார்.

குறிமாற்று, குறிநீக்கம், பொருளேற்றம். நீக்கிய பின் நிற்பதற்குக் ‘காலிக் குறியன்’. மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், இல்லாவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.