வெளி டீமுக்கு சாஃப்ட்வேர் வேலை கொடுத்தவர்கள், வாங்கிச் செய்தவர்கள்: அனுபவப் பகிர்வு

வேலை கொடுக்கும் பக்கத்திலிருந்து, கோவை

திருப்பூர், ஈரோடு, கோவை வட்டாரத்தில் ஐந்து பேர், பத்து பேர் உள்ள டீமிடம் ஆர்டர் ஆப், குடோன் ஸ்டாக், பில்லிங் என்று எழுதி வாங்கும் கம்பெனிகள் நிறைய. கோடு (எழுதிய புரோகிராம்) மோசமாக இருந்து மாட்டிக்கொள்பவர்களை விட, கணக்குகள் அடுத்தவர் பெயரில் இருந்து மாட்டிக்கொள்பவர்களே அதிகம். டொமைன், சர்வர், கிட் ரெப்போ (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்), ப்ளே ஸ்டோர், பேமென்ட் கேட்வே, எஸ்எம்எஸ் என்று எல்லாவற்றையும் டீம் தன் மெயில் ஐடியிலேயே திறந்துவிடும். வேகமாக வேலை தொடங்க வேண்டும் என்பதுதான் காரணம், கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் பிரிய வேண்டிய நாளில் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் சம்மதம் தேவைப்படும்.

ப்ளே ஸ்டோரை எடுத்துக்கொள்ளுங்கள். டெவலப்பர் கணக்குக்கு ஒரே ஒரு முறை 25 டாலர். கம்பெனி பெயரில் திறக்க டி-யு-என்-எஸ் எண் (கம்பெனியை அடையாளம் காட்டும் சர்வதேச எண்) வேண்டும், அது வர வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் ஒப்பந்தம் பேசும் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். டீமின் கணக்கில் ஆப் ஏறிவிட்டால் உங்கள் கணக்குக்கு மாற்ற வழி உண்டு, ஆனால் அந்தக் கோரிக்கை அவர்கள் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். அவர்கள் அசையாவிட்டால் வேறு பேக்கேஜ் பெயரில் (ஸ்டோர் ஆப்பை அடையாளம் காணும் பெயர்) புது ஆப்தான். பழைய ரிவ்யூ எல்லாம் போகும், பழைய வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் புதிதாக இறக்க வேண்டும்.

யாரும் கவனிக்காதது எஸ்எம்எஸ். ஓடிபி போக டிஎல்டி (கம்பெனிகள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸுக்கான டெலிகாம் பதிவுத் தளம்) பதிவு கட்டாயம். அதில் ‘பிரின்சிபல் என்டிட்டி’, அதாவது எஸ்எம்எஸ்ஸின் உரிமையாளர், உங்கள் கம்பெனியாக இருக்க வேண்டும், ஹெடரும் (அனுப்புநர் பெயர்) டெம்ப்ளேட்டும் (செய்தியின் வாசகம்) அதன் கீழ் வர வேண்டும். டீம் தன் ஹெடரிலேயே அனுப்பிக்கொண்டிருந்தால், ஒப்பந்தம் முடிந்த அன்று ஓடிபி நிற்கும். ஆப் நன்றாகவே ஓடும், உள்ளே நுழையத்தான் ஒருவராலும் முடியாது.

ஆகவே தனி மெயில் ஐடி ஒன்று, கம்பெனி டொமைனில். எல்லாக் கணக்கும் அதில். இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தல் கம்பெனி போனில். டீமுக்கு உறுப்பினர் அனுமதி மட்டும்.

வேலை வாங்கிச் செய்யும் பக்கத்திலிருந்து, சென்னை

மேலே சொன்ன அண்ணாவின் பேச்சு அத்தனையும் சரி. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் சண்டை வேறு இடத்தில் தொடங்குகிறது: தேவைப் பட்டியலில்.

‘ரிட்டர்ன் வசதி வேண்டும்’ என்று ஒரு வரி வரும். பத்து பீஸில் மூன்று மட்டும் திரும்பினால்? பில்லுக்கு ஜிஎஸ்டி கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) யார் போடுவது? சரக்கு எந்தக் குடோன் கணக்கில் ஏறும், கிழிந்த பீஸும் விற்கும் ஸ்டாக்கில் சேருமா? பணம் திரும்புமா, அடுத்த பில்லில் கழியுமா? இந்த நாலையும் கேட்காமல் இரண்டு நாள் வேலை என்று எஸ்டிமேட் கொடுத்த டீம், இரண்டு வாரம் உட்கார்ந்திருக்கும். இது முதலிலேயே இருந்தது என்று ஒரு பக்கம் சொல்லும், புது வேலை என்று மறுபக்கம் சொல்லும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, எழுதிய அந்த ஒரு வரிதான் போதவில்லை. ஒவ்வொரு வசதிக்கும் ‘இன்னது கொடுத்தால் இன்னது வர வேண்டும்’ என்று மூன்று, நான்கு உதாரணங்களை உண்மையான பில் எண்களோடு எழுதிக் கொடுங்கள். பின்னால் அதுவே டெஸ்ட் பட்டியலாகவும் ஆகும்.

முழு வேலைக்கும் சேர்த்து ஒரே விலை பேசினால், தெரியாத வேலைக்கெல்லாம் சேர்த்து டீம் விலையை ஏற்றும், அல்லது நேரம் நெருங்கும்போது டெஸ்டிங்கை வெட்டும். இரண்டு வார வேலையாகப் பிரித்து, ஓடும் வெர்ஷன் கைக்கு வந்த பிறகு பணம் என்பது இருவருக்கும் நல்லது. முன்பணம் 20 சதவீதம், நடுவில் கட்டங்கள், கடைசி 10 சதவீதம் லைவ் போன பிறகு என்பது நியாயமான பிரிவு.

பணத்தைப் பிடித்து வைப்பவர்களுக்கு ஒன்று. டீம் உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவுள்ள மைக்ரோ அல்லது ஸ்மால் நிறுவனமாக இருந்தால், எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாடு) சட்டப்படி ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதினாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் வட்டி ஏறும். கொடுக்காத தொகையை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. டெலிவரியில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லுங்கள். அந்தக் குறை நீங்கிய நாளிலிருந்துதான் கணக்கு ஓடும். போனில் திட்டுவது ஆட்சேபத்தில் சேராது.

ஒப்பந்தங்கள் பார்ப்பவர், மதுரை

‘பணம் கொடுத்தோம், கோடு நம்முடையது’ என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17, 19 பிரிவுகளை ஒருமுறை படியுங்கள். சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதிய கோடுதான் தானாக முதலாளிக்குச் சேரும். வெளி டீம் எழுதியது எழுதியவர்களுடையது. அவர்கள் கையெழுத்திட்டு எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் உங்களுடையது. அந்தப் பத்திரத்திலும் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளப்படும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்’ என்று இரண்டையும் எழுதுங்கள். டீம் உள்ளுக்குள் ஃப்ரீலான்சரிடம் வேலை கொடுத்திருந்தால் அவரிடமிருந்து டீமுக்கும் இதே மாதிரி ஒரு தாள் வேண்டும். அந்தக் கண்ணி விடுபட்டால் மேலே எழுதியது நிற்காது.

அடுத்தது டேட்டா. டெஸ்டிங்குக்கு என்று வாடிக்கையாளர் பெயர், போன் எண்ணோடு முழு டேட்டாபேஸையும் அனுப்பாதீர்கள். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, டேட்டா கசிந்தால் பொறுப்பு வேலை கொடுத்த உங்களுடையது. போதிய பாதுகாப்பு செய்யாததற்கான அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். போன் எண்களை மாற்றி, பெயர்களைக் கலைத்துக் கொடுங்கள்.

டெஸ்டிங் வேலையில் இருப்பவர், திருச்சி

டெமோவை நம்பி கையெழுத்துப் போடாதீர்கள் சார். டெமோ அவர்கள் லேப்டாப்பில், அவர்கள் டேட்டாவில் ஓடுகிறது. ஒன்றுமே இன்ஸ்டால் செய்யாத ஒரு கணினியில், ரெப்போவை இறக்கி, ரீட்மீ கோப்பில் (ஓட வைக்கும் வழிமுறை எழுதிய கோப்பு) இருப்பதை மட்டும் பின்பற்றி ஓட வைக்கச் சொல்லுங்கள். டீம் ஆட்கள் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. எங்கே நிற்கிறதோ அதுதான் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் விஷயம்.

தமிழில் ஓடும் ஆப் என்றால் இந்த நான்கையும் கட்டாயம் பாருங்கள். வட இந்திய, வெளிநாட்டு டீம்களுக்கு இது தோன்றவே தோன்றாது.

பிடிஎஃப் பில்லில் ‘கொடுமுடி’ என்று ஒரு ஊர் பெயர் போட்டு எடுங்கள். எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாத பிடிஎஃப் லைப்ரரி (பிடிஎஃப் செய்து தரும் தயார் கோடு) என்றால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டம் வரும். ஃபான்ட் மாற்றினால் சரியாகாது. ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துச் சேர்ப்பு உள்ள லைப்ரரி வேண்டும், இல்லையென்றால் குரோம் வழியாகப் பிடிஎஃப் எடுக்க வேண்டும்.

‘ஸ்ரீதேவி’ என்று தேடுங்கள். முதலெழுத்தை ஸ வைத்தும் அடிக்கலாம், ஶ வைத்தும் அடிக்கலாம். பெரும்பாலான ஃபான்ட்டில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு கீபோர்டில் சேமித்த பெயர் இன்னொரு கீபோர்டில் தேடினால் கிடைக்காது. யூனிகோட் நார்மலைசேஷன் (ஒரே எழுத்தைப் பல விதமாக அடித்ததை ஒரே வடிவமாக்குவது) ‘ே’ குறியும் ‘ா’ குறியும் தனித்தனியாக வந்ததை ‘ோ’ ஆக்கும், ஆனால் இந்த ஸ்ரீயைச் சரி செய்யாது. அதற்குத் தனியாகக் கோடு எழுத வேண்டும்.

தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 70 குறி, ஆங்கிலத்துக்கு 160. ‘உங்கள்’ நமக்கு நான்கு எழுத்து, இயந்திரத்துக்கு ஆறு குறி, ஏனென்றால் புள்ளியும் ஒரு குறி. 70-ஐத் தாண்டினால் 67 குறிகளாக உடையும், ஒவ்வொரு துண்டுக்கும் கட்டணம். ஒரு மாத ஆர்டர் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்துவிட்டு டெம்ப்ளேட்டை முடிவு செய்யுங்கள்.

நான்காவது, பெயர்க் கட்டம். தமிழில் ஒரு குறிக்கு 3 பைட். பைட் கணக்கில் 30 என்று வரம்பு வைத்தால் 10 குறியிலேயே பெயர் வெட்டுப்படும்.

கோவைக்காரர் மறுபடியும்

பல டீம்களிடம் பிரித்துக் கொடுப்பவர்களுக்கு: எல்லாம் சேர்ந்து ஓடுவதற்கு யார் பொறுப்பு என்று ஒரே ஒரு பெயரை எழுதிவிடுங்கள். 2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவில் ஹெல்த்கேர்.கவ் என்ற அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் திறந்தபோது, பல ஒப்பந்தக்காரர்களின் துண்டுகளைச் சேர்க்கும் வேலையை அனுபவமில்லாத அரசு முகமையே வைத்திருந்தது. முழுத் தளத்தையும் சேர்த்துச் சோதிக்கப் போதிய நேரமும் இல்லை. முதல் நாளில் காப்பீடு எடுத்து முடித்தவர்கள் 6 பேர்.

டீம் விலகும்போது கடைசித் தவணைக்கு முன் செய்ய வேண்டியவை: உங்கள் ஆள் ஒருவர், அல்லது அடுத்த டீம், சின்ன மாற்றம் ஒன்றைத் தானே செய்து லைவ் வரை கொண்டுபோக வேண்டும். நேற்றைய பேக்கப்பை வேறு சர்வரில் ஏற்றி, பில் எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று எண்ண வேண்டும். பிறகு பாஸ்வேர்டு, ஏபிஐ சாவி (வெளிச் சேவைகளோடு ஆப் பேசப் பயன்படும் ரகசியக் குறியீடு), பேமென்ட் கேட்வே சாவி எல்லாவற்றையும் புதிதாக எடுங்கள். கோடில் எழுதியிருந்த சாவியை அழித்துவிட்டோம் என்பார்கள். கிட் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். பழைய சாவியை அந்தந்த சேவையின் பக்கத்தில் போய் ரத்து செய்துவிட்டு, ஒரு டெஸ்ட் ஆர்டர், ஒரு ஓடிபி, ஒரு ரூபாய் பேமென்ட் மூன்றும் போகிறதா என்று பார்த்தபின் பணத்தை அனுப்புங்கள்.