ஓசூர் பக்கம் போர்வெல் தண்ணியில மருந்து எச்சம்: ஆத்து நுரையா, வீட்டு செப்டிக் டேங்க்கா?

பெண்ணைக்கரை: தென்பெண்ணை ஆத்துல இருக்கிற கெலவரப்பள்ளி அணை மதகுல நுரை பொங்கினா போதும், "பழைய மாத்திரையை டாய்லெட்ல போடாதீங்க"ன்னு உபதேசம் ஆரம்பிச்சிடுது. அது சில்லறைக் கணக்கு. சுகருக்குத் தர்ற மெட்ஃபார்மினை உடம்பு சிதைக்கிறதே இல்ல; ரத்தத்துல சேர்ந்தது அப்படியே சிறுநீர்ல வெளிய வருது. வலிப்புக்கான கார்பமசெபைன் சுத்திகரிப்பு நிலையத்தையும் பெரும்பாலும் அப்படியே தாண்டிடும். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2025ல ட்ரமடால்ங்கிற வலி மருந்து உட்பட 17 மருந்துகளை டாய்லெட்ல கொட்டச் சொல்லுது. பிடிக்க வேண்டியது ஆத்துல வந்து கலக்குற பெங்களூரு கழிவுநீரை.

கருங்கல்: ஆத்துக்குச் சரி அண்ணா, போருக்கு? அந்த 17 மருந்தையும் கொட்டச் சொல்றது, குழந்தை எடுத்து முழுங்கினா உயிருக்கே ஆபத்துங்கிறதால. ஆன்டிபயாடிக்குக்கு அது பொருந்தாது. நுரையும் சோப்புத்தூள் வேலை. நுரை இல்லாத தண்ணியில மருந்து இல்லைன்னு ஆகாது.

நம்ம பக்கம் மேல கொஞ்சம் மண், கீழ விரிசல் விட்ட பாறை. செப்டிக் டேங்க் தண்ணி போய் இறங்குற உறிஞ்சு குழியில இருந்து கசியிறதை மண் வடிகட்டுறதுக்குள்ள விரிசல்ல இறங்கிடும். குழிக்கும் குடிதண்ணிக் கிணத்துக்கும் 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி வேணும்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. 30க்கு 40 மனையில மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான்! ஆக, வீட்டுக்குள்ள ஊத்துறதுதான் போர்ல வரும். ஆசிட்டும் பினாயிலும் பாட்டில் பாட்டிலா ஊத்தினா டேங்க்ல பாக்டீரியா செத்து, செரிக்காத கசடு குழிக்குப் போய் அடைக்கும்.

மத்திகிரிவாசி: ஆர்.ஓ. போட்டா முடிஞ்சுதே சார்? மீட்டர்ல 60 காட்டுது.

கருங்கல்: டிடிஎஸ் மீட்டர் உப்பைத்தான் பார்க்கும். மருந்து லிட்டருக்கு நானோகிராம் கணக்கு, மீட்டருக்கு எட்டாது. ஆர்.ஓ.வுல இருக்கிற மெம்பரேன் (சவ்வு) பெரும்பாலானதைத் தடுக்கும், சின்ன மூலக்கூறு கொஞ்சம் நழுவும். கார்பன் ஃபில்டர் நல்லாவே பிடிக்கும், ஆனா நிறைஞ்சதும் விட்டுடும். தண்ணி ருசி மாறாது, அதனால தெரியாது. ஃப்ளோரைடுக்கு இங்க ஆர்.ஓ. உதவும், மறுக்கல. ஆனா வெளியேத்துற தண்ணியில எல்லாம் செறிஞ்சு திரும்ப அதே குழிக்குத்தானே போகுது?

பெண்ணைக்கரை: குழி விஷயம் ஒத்துக்கிறேன். அப்போ மாத்திரையை விட மூட்டுவலி ஜெல்லைச் சொல்லுங்க. டைக்ளோஃபெனாக் ஜெல் தடவினா சுமார் 6 சதவீதம்தான் ரத்தத்துல சேரும், மிச்சம் குளிக்கிறப்ப போயிடும். தடவின கையைப் பேப்பர்ல துடைச்சிட்டு அப்புறம் கழுவினா கொஞ்சம் குறையும். பேப்பர் குப்பைக்கு. காலாவதி மாத்திரையை 2016 திடக்கழிவு விதியிலேயே வீட்டு அபாயக் கழிவுன்னு சொல்லியிருந்தாங்க, தனிப் பையில கொடுக்கணும்.

மத்திகிரிவாசி: சரி, என் போர்ல குழி கசியுதான்னு எப்படித் தெரியும்?

கருங்கல்: மருந்தை நேரா அளக்கிற சோதனை செலவு பிடிக்கும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல நைட்ரேட், குளோரைடு, கோலிஃபார்ம் (கழிவுநீர்ல இருக்கிற பாக்டீரியா வகை) மூணும் கேளுங்க. நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி. தாண்டி, கூட கோலிஃபார்மும் இருந்தா குழிமேலதான் சந்தேகம். நைட்ரேட் மட்டும்னா பக்கத்துத் தோட்டத்து யூரியாவாவும் இருக்கலாம். மழைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எடுங்க.